பட்டணத்து வீதிகளும் நமது பொறுப்பும்

(மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவியர் குழு)

“கெட்டும் பட்டணம் சேர்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஊரில் நொடிந்து போனவர்கூடப் பட்டணத்துக்குப் போனால் எப்படியும் பிழைத்துக் கொள்ளலாம் என்பது அதன் பொருள். ஆனால் அந்தப் பட்டணத்திலேயே ஒருவருடைய பிழைப்புக் கெட்டுவிட்டால் அவர் எங்கே போய்ச் சேருவது? இக்கேள்வியை எங்கள் உள்ளத்தில் எழுப்பியவர் சென்னையில் நாங்கள் சந்தித்த ஓர் ஆயா. அவரிடம் கேட்டறிந்ததையும், அதைப் பற்றி எங்களுக்குள் எழுந்த வாதத்தையும், முடிவில் நாங்கள் கொண்ட கருத்தையும் இங்கே எழுத விரும்புகிறோம்.

திருப்புட்குழியும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களுமே எங்கள் ஊர்கள். சென்னை எங்களுக்கு 80 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எனினும் எங்களில் சென்னையோடு தொடர்பில்லாத குடும்பம் ஒன்றுகூட இல்லை. ஒருத்தியின் அண்ணன் அங்கே வேலை பார்க்கிறார். இன்னொருத்தியின் தந்தை தம் தோட்டத்துக் கத்தரிக்காயை அங்கேதான் அனுப்புகிறார். சென்ற அரையாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமையன்று, அருட்சகோதரி ஒருவரும் ஆசிரியை ஒருவரும் துணைவர, நாங்கள் பதினான்கு பேர் காஞ்சிபுரத்தில் இரயிலேறிச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கினோம். அந்நகரின் மிகப் பழைய வணிகப் பகுதியாகிய ஜார்ஜ் டவுனைக் கண்டு, அங்கு மக்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்று எழுதி வருவதே எங்களுக்குத் தரப்பட்ட பணி.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பர்மா பஜார். அதைத் தாண்டினால் பாரிமுனை. 1788-இல் வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரி என்பவரின் பெயரை அம்முனை இன்றும் தாங்கி நிற்கிறது. அதற்கப்பால் தெருவுக்கொரு தொழில்! ஆண்டர்சன் தெருவில் நுழைந்தால் காகிதமும் திருமண அழைப்பிதழ்களும்; தேவராச முதலி தெருவில் கண்ணாடிகள்; நயினியப்ப நாயக்கன் தெருவில் இரசாயனப் பொருள்கள்; காசிச் செட்டித் தெருவில் அலங்காரப் பொருள்கள். இரண்டு பேர் கைகோத்து நடக்க இடமில்லாத சந்துகளில் மீன்பாடி வண்டிகள் மூட்டைகளோடு வருகின்றன. “ஓரம், ஓரம்!” என்ற குரல் ஓயாமல் ஒலிக்கிறது. தலைச்சுமையோடு வருபவருக்குக் கோடீசுவரரும் வழிவிட்டுத்தான் ஆகவேண்டும். அந்த ஒரு சமத்துவம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

சமயங்களும் அங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், சற்றுத் தொலைவில் வள்ளலார் வழிபட்ட கந்தகோட்டம், மண்ணடியில் பள்ளிவாசல், தங்கசாலைப் பக்கம் சமணக் கோயில்கள், அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியர் ஆலயமும் தூய மரியன்னை இணைப் பேராலயமும். அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மீனியர் தெரு என்பதுதான் மக்கள் வாயில் அரண்மனைக்காரத் தெருவாகிவிட்டது என்று ஆசிரியை சொன்னபோது நாங்கள் சிரித்துவிட்டோம். செவ்வாய்க்கிழமையாதலால் பேராலயத்தில் புனித அந்தோணியாரைத் தேடி வந்தோர் கூட்டம் நிரம்பி வழிந்தது. நெற்றியில் திருநீறு அணிந்தவர்களும், முக்காடிட்ட தாய்மாரும் மெழுகுதிரியுடன் நின்றார்கள். எவரும் எவரையும் “நீ யார்?” என்று கேட்கவில்லை.

அங்கிருந்து கொத்தவால் சாவடிப் பக்கம் நடந்தோம். வெயில் தாளாமல் ஒரு சுவரோர நிழலில் ஒதுங்கினோம். அங்கே கூடையில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வைத்து விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, “வாங்க கண்ணுங்களா, நெழல்ல குந்துங்க. எந்த ஊரு நீங்க?” என்றார். ஊரைச் சொன்னோம்.

“காஞ்சிபுரம் பக்கமா? அந்தப் பக்கத்துக் காயெல்லாம் இங்க வந்து எறங்குனதுதாம்மா. சாவடி இங்க இருந்தப்ப எங்களுக்கு ராத்திரின்னு ஒண்ணு கெடையாது. ஒரு மணிக்கே லாரி வந்து நிக்கும்.”

“இப்போது வருவதில்லையா ஆயா?” என்று கேட்டோம்.

“அதான் கோயம்பேட்டுக்குக் கொண்டுக்கினு போயிட்டாங்களே! கடை வச்சிருந்தவங்களுக்கு அங்க கடை குடுத்தாங்க. எங்க வீட்டுக்காரர் கைவண்டி இழுத்தவரு. கைவண்டிக்காரனுக்கு என்னத்தக் குடுப்பாங்க? ரெண்டு மாசம் கோயம்பேட்டுக்குப் போய்ப் பார்த்தாரு. அங்க லாரி கடை வாசல்லயே வந்து நிக்குது, வண்டிக்கு வேலையில்ல. பஸ்ஸு காசு குடுத்துப் போயி வெறுங்கையோட வந்தாரு.”

அருட்சகோதரி மெல்ல, “பிள்ளைகள் இருந்தார்களா அம்மா?” என்று கேட்டார்.

“ரெண்டு பொண்ணுங்க சிஸ்டர். பெரியவ எட்டாவது படிச்சினு இருந்தா. நல்லாப் படிப்பா. நிறுத்திட்டேன். கவரு ஒட்டுற எடத்துல சேர்த்துவுட்டேன். சின்னவள மட்டும் பத்து வரைக்கும் படிக்கவச்சேன்.” சற்று நேரம் கறிவேப்பிலையை ஒழுங்குபடுத்தினார். பிறகு எங்கள் கையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை வைத்து, “நீங்க படிங்கம்மா” என்றார். காசு கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார்.

வீடு திரும்பும் இரயிலில்தான் வாதம் தொடங்கிற்று. கத்தரிக்காய் அனுப்பும் தந்தையின் மகள் சொன்னாள்: “ஆயா சொன்னது வருத்தமாக இருக்கிறது. ஆனால் சந்தை கோயம்பேட்டுக்கு வந்ததால்தான் எங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது. முன்பெல்லாம் லாரி அந்தச் சந்துக்குள் நுழைய மணிக்கணக்கில் காத்திருக்குமாம். காய் வாடிவிடும், விலை பாதியாகிவிடும். கோயம்பேடு எங்களுக்குப் பூந்தமல்லி வழியாக நேர் வழி. எங்கள் தாத்தா, சந்தை மாறிய ஆண்டுதான் கடனை அடைத்தார்.”

அவள் சொன்னது உண்மை. கொத்தவால் சாவடியின் நெரிசலையும், அழுகிய காய்கறிக் குவியலையும், அவசரத்துக்கு ஒரு தீயணைப்பு வண்டிகூடப் புக முடியாத சந்துகளையும் எவரும் மறுக்க முடியாது. 1996-ஆம் ஆண்டு, 295 ஏக்கர் பரப்பில் அமைந்த கோயம்பேடு வளாகத்துக்குக் காய், கனி, பூ மொத்த வணிகம் மாற்றப்பட்டது வேண்டிய மாற்றமே. ஆனால் ஆயா சொன்னதும் உண்மை. எங்கள் ஊர்த் தாத்தா கடனை அடைத்த அதே ஆண்டில், பட்டணத்தில் ஒரு சிறுமி பள்ளியை விட்டு நின்றிருக்கிறாள். நமக்கு வந்த நன்மையும் அவளுக்கு நேர்ந்த இழப்பும் ஒரே மாற்றத்தின் இரு பக்கங்கள். இதை அறிந்த பிறகு, “மாற்றம் நல்லது” என்றோ “மாற்றம் தீயது” என்றோ ஒரே சொல்லில் தீர்ப்புக் கூற எங்களுக்கு மனம் வரவில்லை.

பள்ளிக்குத் திரும்பியதும் நூலகத்தில் அப்பகுதியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க ஓர் உண்மை விளங்கிற்று. ஜார்ஜ் டவுனே இடமாற்றத்தில் பிறந்த ஊர்! 1639-இல் ஆங்கிலேயர் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியபின், அதன் வடபுறச் சுவரை ஒட்டி நம்மவர் குடியிருப்பு வளர்ந்தது. அதைக் கருப்பர் நகரம் என்று அழைத்தனர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்து, 1749-இல் திருப்பிக் கொடுத்த பிறகு, கோட்டைக்கு அருகே பகைவர் மறைந்து நிற்க இடமிருக்கக் கூடாதென்று அக்குடியிருப்பை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினர். மக்கள் வடக்கே தள்ளிக் குடியேறினர். இடிக்கப்பட்ட சென்னகேசவப் பெருமாள் கோயிலுக்குப் பதிலாகப் பூக்கடைப் பகுதியில் புதுக்கோயில் எழுந்தது. பழைய வீடுகள் இருந்த வெற்றிடத்தில் 1892-இல் உயர்நீதிமன்றக் கட்டிடம் திறக்கப்பட்டது. இன்று நீதி தேடிச் செல்லும் இடம், ஒரு காலத்தில் மக்கள் வீடிழந்த இடம் என்பது நினைக்கத் தக்கதல்லவா?

அதன் பின்னும் மாற்றங்கள் நின்றபாடில்லை. பழைய புத்தகங்களுக்குப் பேர்பெற்ற மூர் மார்க்கெட், சென்ட்ரல் நிலையத்தை அடுத்து இருந்தது. 1985-ஆம் ஆண்டு மே மாதம் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இரயில்வே கட்டிடம் எழுந்தது. வியாபாரிகளுக்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் தரப்பட்டது. வெளியூர்ப் பேருந்துகள் 2002 நவம்பரில் பாரிமுனையை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போயின. பயணிகளை நம்பியிருந்த உணவு விடுதிகளுக்கும் பழக்கடைகளுக்கும் அது ஓர் அடி. 2019 பிப்ரவரியில் தரைக்கடியில் மெட்ரோ இரயில் வந்தது. உயர்நீதிமன்றம், மண்ணடி என்று நிலையங்கள் திறக்கப்பட்டன. கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டிடங்கள் பலவற்றில் இப்போது மேலேயும் கிடங்குதான். ஒண்டுக்குடித்தனமாகப் பத்துக் குடும்பங்கள் ஒரே முற்றத்தில் வாழ்ந்த வீடுகளில் இரவானால் பூட்டுத் தொங்குகிறது.

மாற்றப்பட்ட சந்தையும் நிம்மதியாக இருந்துவிடவில்லை. கொரோனா நோய் பரவிய 2020 மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறி வணிகம் சில மாதங்கள் திருமழிசையில் தற்காலிகக் கொட்டகைகளில் நடந்தது. ஒரு முறை இடம் பெயர்ந்தவர்கள் மறுபடியும் பெயர்ந்தார்கள். அப்போதும் மழையில் நனைந்தபடி மூட்டை தூக்கியவர்கள் யாரென்று சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் பட்டணம் இரக்கமற்றது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதே பாரிமுனையில் பர்மா பஜார் இருக்கிறதே! பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறி வந்தனர். அவர்கள் பிழைக்க வழியாக 1969-இல் கடற்கரைச் சாலையோரத்தில் அந்தக் கடைவரிசை தோன்றிற்று. வெளிநாட்டுப் பொருள் கிடைக்காத காலத்தில் அங்கே வாசனைத் திரவியமும் வானொலிப் பெட்டியும் வாங்கக் கூட்டம் அலைமோதியது. 1991-க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் அந்த மவுசு குறைந்தது. அவர்கள் சோர்ந்துவிடவில்லை, ஒலிநாடா, குறுந்தகடு, கைபேசி உதிரிப்பொருள் என்று காலத்துக்கேற்ப மாறினார்கள். அவர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்த ‘அத்தோ’ இன்று சென்னையின் சொந்தப் பலகாரமாகிவிட்டது. நாங்களும் வாங்கி உண்டோம். புளிப்பும் காரமுமாக நன்றாகவே இருந்தது. ஆறடி இடம் கொடுத்தால் மனிதர் மீண்டும் எழுந்து நிற்பார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிப் பெரியவர்கள் ஒரு நம்பிக்கை சொல்வார்கள். பிள்ளைப்பேறு வேண்டி வரும் பெண்கள் வறுத்து நனைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு உறங்கினால், அது முளைக்குமாம். வறுபட்ட பயறும் முளைக்கலாம் என்ற அந்த எண்ணம் மதம் கடந்து எங்கள் அனைவருக்கும் பிடித்தமானது. ஆனால் அதற்கும் ஈரமும் ஒரு மடியும் வேண்டும். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு அந்த மடி கிடைத்தது. கைவண்டிக்காரருக்குக் கிடைக்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். சந்தையோ சாலையோ நிலையமோ மாறட்டும், மாறத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பாக மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும்.

முதலாவது, பட்டியலில் இல்லாதவர் யார்? கடைக்கு உரிமம் உண்டு, நிலத்துக்குப் பட்டா உண்டு. ஆனால் மூட்டை தூக்குபவருக்கும், தேநீர் சுமந்து விற்பவருக்கும், சிந்திய காயைப் பொறுக்கி விற்கும் பாட்டிக்கும் எந்தத் தாளும் இல்லை. தாள் இல்லாதவர் தாமே இல்லாதவராகக் கருதப்படுகிறார்.

இரண்டாவது, புதிய இடத்துக்குப் போகவர வழியும் காசும் அவர்களிடம் உண்டா? கொத்தவால் சாவடிக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே சுமார் 10 கிலோமீட்டர். காரில் செல்பவருக்கு அது சிறு தொலைவு. நாட்கூலிக்காரருக்கு அது கூலியில் ஒரு பங்கு. 2021-இல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. அத்தகைய ஏற்பாடு அந்நாளில் ஆயாவுக்கு இருந்திருந்தால், அவரேனும் கூடையோடு கோயம்பேட்டுக்குப் போய் வந்திருக்கக் கூடுமல்லவா?

மூன்றாவது, அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் படிப்பு என்னவாகும்? வருமானம் குறைந்தால் முதலில் நிற்பது மூத்த மகளின் படிப்பே. இது பட்டணத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நம் ஊர்களிலும் நாம் கண்டதுதான். இடம் மாற்றப்படும் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் நீடிக்கிறார்களா என்று ஓராண்டேனும் யாராவது பார்த்துக் கொள்ள வேண்டும் என்று நாங்கள் கேட்கிறோம்.

இவை குழந்தைத்தனமான ஆசைகள் என்று எவரும் எண்ண வேண்டாம். நம் நாட்டின் சட்டங்களே இவ்வழியில் நடக்கத் தொடங்கியுள்ளன. சாலையோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊர்தோறும் அமைக்கப்படும் விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், நிலத்துக்கு உரியவரை மட்டுமின்றி, அந்நிலத்தை நம்பிக் கூலி வேலை செய்வோரையும் பாதிக்கப்பட்டவராக ஏற்றுக்கொள்கிறது. 1996-இல் ஆயாவுக்கு இத்தகைய சட்டத் துணை இல்லை. இன்று சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள்தாம் வேண்டும். படித்த பெண்கள் இங்கேதான் பயன்பட வேண்டும்.

தோழியரே, இது பட்டணத்தார் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. 2022-ஆம் ஆண்டு, நம் மாவட்டத்துப் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் அதை எதிர்த்துக் கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்றினர். அதன் நன்மை தீமைகளைப் பற்றி எங்கள் வீடுகளிலேயே பல கருத்துகள் உண்டு. இப்பக்கத்தில் நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் மாற்றம் நம் வாசலுக்கும் வரும் என்பதற்கு அது அடையாளம். அது வரும் நாளில், களை பறிக்கும் அக்காவின் பெயரும், ஆடு மேய்க்கும் தாத்தாவின் பெயரும், நெடுஞ்சாலையோரம் இளநீர் வெட்டும் அண்ணனின் பெயரும் ஏதேனும் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும்.

அதற்காக நாங்கள் ஒரு சிறு பணியைத் தொடங்கியிருக்கிறோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, எங்கள் தெருக்களில் பட்டாவும் உரிமமும் இன்றி உழைத்துப் பிழைப்பவர்களின் தொழிலையும், அத்தொழில் எந்த இடத்தை நம்பி நடக்கிறது என்பதையும், அவர்கள் சம்மதத்தோடு எழுதி வருகிறோம். இதுவரை முப்பத்தொரு குடும்பங்களை எழுதியிருக்கிறோம். முதலில் சிலர், “இது எதற்கம்மா?” என்று தயங்கினார்கள். ஒரு பாட்டி மட்டும், “எழுதிக்கோ கண்ணு, என் பேரை இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லை” என்றார். அடுத்த ஆண்டு எங்களில் பலர் பதினெட்டு வயது நிறைந்து வாக்காளராகிவிடுவோம். அப்போது கிராம சபையில் எழுந்து பேச எங்களுக்கு உரிமை உண்டு. அந்த நோட்டோடு போவது என்று முடிவு செய்திருக்கிறோம். நாங்கள் பள்ளியை விட்டுச் சென்றபின் நோட்டை எங்கள் தங்கைமார் தொடர வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். காய் விலை ஏறிய நாளில் மகிழும்போது, அதே மாற்றத்தால் வேறெங்கோ ஓர் அடுப்பு அணைந்திருக்கக் கூடும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அருட்சகோதரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டும் மாணவியரைப் பாரிமுனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோட்டையையும் கலங்கரை விளக்கத்தையும் காட்டுங்கள். கொத்தவால் சாவடிச் சுவரோரம் சற்று உட்காரவும் வையுங்கள்.

ஆயா கொடுத்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றன் விதையை எங்களில் ஒருத்தி வீட்டுக் கொல்லையில் ஊன்றி வைத்தாள். அது இப்போது ஒரு சாண் உயரம் வளர்ந்திருக்கிறது. காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். காய்த்தால் முதல் காயை யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில் மட்டும் எங்களுக்குள் வாதமே இல்லை.